ஈரப்பதம்

வால்பாறையிலிருந்து வந்த வேனில்
இருபத்தொரு பேர்.
கும்பகோணத்தில் ஏறிக்கொண்ட வழிகாட்டி நான்.
இரண்டு நாள், ஒன்பது கிரகம்,
சாப்பாடு போக எண்ணூறு ரூபாய்.

திங்களூர் முடிந்து ஆலங்குடிக்குப் போகையில்
ஜன்னலோரத்து உச்சிமாகாளி சொன்னாள்:
"வானம் தரை வரைக்கும் எறங்கிக் கெடக்கு.
ஒளிஞ்சுக்க ஒரு மேடு இல்லியே."
முப்பது வருசம் சரிவில் நின்று
கொழுந்து கிள்ளிய கால்கள்.
பிராகாரத்துச் சமதரையில்
ஒரு பக்கம் சாய்ந்தே நடந்தாள்,
இல்லாத மலைக்கு எதிராக.

குருவுக்குக் கொண்டைக்கடலை என்றேன்.
சுக்கிரனுக்கு மொச்சை, ராகுவுக்கு உளுந்து,
சந்திரனுக்கு நெல்.
மனப்பாடம்தான், மூச்சு விடாமல் சொல்வேன்.
"தேயிலை எந்தச் சாமிக்கு?"
வேன் முழுக்கச் சிரித்தது.
என்னிடம் பதில் இல்லை.

பட்டியலில் இல்லாத சுவாமிமலைக்கும் வண்டியை விட்டேன்.
மலைக்காரர்களுக்கு எங்கள் மலையைக் காட்டும் ஆசை.
கட்டுமலை, அறுபது படி,
படிக்கு ஒரு வருசத்தின் பெயர்.
சடையாண்டி பீடி அணைவதற்குள் ஏறி இறங்கி
"மேல வரைக்கும் போய்ட்டேன், மலை எங்கப்பா?" என்றார்.
நாற்பதாவது படியில்
மூச்சு வாங்கி நின்றுகொண்டிருந்தேன்.
என் ஆயுளில் ஏறியது
இந்த ஒரு மலைதான்.

உச்சியில் நின்று மேற்கே பார்த்தாள்.
தென்னந்தலைகள், ஒரு செல்போன் கோபுரம்,
அப்புறம் வெறும் வெளிச்சம்.
ஏதாவது சொல்ல வேண்டுமே என்று
"உங்க ஊரு மழைதான் இங்க ஆறா வருது" என்றேன்.
"வராது தம்பி. அது அந்தப் பக்கமா
கேரளாவுக்குப் போயிரும்.
ஒரு சொட்டு இங்கிட்டு வராது."
வழிகாட்டி வாயை மூடிக்கொண்டான்.

இரவில் மழை. தை மாதத்தில் மழை.
லாட்ஜ் தகரத்தில் அது விழ விழ
எனக்கு மட்டும் தூக்கமில்லை.

காலையில் திருநள்ளாறு போகும் வழி,
பேரளம் தாண்டிக் கொள்முதல் நிலையம்.
சாலையோரம் நீலத் தார்ப்பாய் போர்த்திய குவியல்கள்
ஒன்றன்பின் ஒன்றாய்.
"இந்தா இருக்குல்ல மலை!"
அவள் கத்திய கத்தலில் டிரைவர் பிரேக் அடித்தார்.
பாதிப் பேர் செல்பி எடுக்க இறங்கினார்கள்.
அவள் நேரே போய்த் தார்ப்பாயை விலக்கி
முழங்கை வரை கையை உள்ளே விட்டாள்.

"எத்தன நாளா காத்துக் கெடக்கீங்க?"
"பதினோரு நாள்."
"ஈரம்னு கழிச்சிருவாங்களா?"
"பதினேழுக்கு மேல போனா எடுக்கவே மாட்டாங்க."
"எங்களுக்கு எடுத்துக்குவாங்க.
மழை நாள்ல மூட்டைக்கு மூணு கிலோ
தண்ணின்னு எழுதிருவாங்க.
தண்ணியக் கிள்ளவா நாங்க போனோம்?"
குவியல்மேல் சாக்கு விரித்துப் படுத்திருந்தவன்
முதன்முறையாக எழுந்து உட்கார்ந்தான்.

அவன் என் அண்ணன் தியாகேசன்.
அந்தக் குவியலில்
நாற்பத்தியிரண்டு மூட்டை எங்களுடையது.
நான் சொல்லவில்லை.
தொப்பியும் கழுத்தட்டையுமாக
சாலையோரம் நின்று தலை எண்ணினேன்,
இருபது, மறுபடியும் இருபது.
அவனும் என்னைத்
தெரியாதவனைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.
நல்லவன்.

மாலையில் தஞ்சாவூரில் நான் இறங்கிக்கொண்டேன்.
பேசிய பணத்துக்கு மேல்
அரைக்கிலோ தேயிலைத்தூள் கொடுத்தாள்.
"காஞ்சதுதான்" என்றாள்.
அதற்கு என்ன அர்த்தம் என்று
அப்போது நான் யோசிக்கவில்லை.

ஒன்பது மணிக்கு அண்ணன் போன்.
"யாருடா அந்தம்மா?"
"டூர்ல வந்தவங்க."
"கைய விட்டுப் பாத்துட்டு
பதினெட்டு இருக்கும்னுச்சு.
சாயங்காலம் மெஷின்ல வச்சாங்க,
பதினெட்டே கால்."
கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
அவன் பக்கம் தவளைச் சத்தம்.

வேன் விடிவதற்குள் ஆழியாறு தாண்டி
வளைவுகளில் ஏறத் தொடங்கும்.
நாற்பது கொண்டை ஊசி என்று சொல்லியிருந்தாள்.

"நாளைக்கு வெயில் அடிக்குமாடா?"
கோள்களைப் பற்றி
இரண்டு நாளாய்ப் பேசிய வாய்.
"தெரியலண்ணே" என்றேன்.